போன் பொருத்தம்

“வெரலத் தலையில தேய்ங்க. அங்க இல்ல, உச்சியில. எண்ண வெச்ச எடத்துல.”

எதிரே உட்கார்ந்திருப்பவர் ஓய்வுபெற்ற ஃபோர்மேனாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூட ஆயாவாக இருந்தாலும் சரி, கங்கம்மாள் முதலில் சொல்வது இதைத்தான். எண்ணெய் பட்டால்தான் காய்ந்த விரலின் ரேகை மிஷினில் விழும். அவர் தேய்ப்பார். அவள் மிஷினின் சின்னக் கண்ணாடியை முந்தானையால் துடைப்பாள். தலையில் முடி இல்லாதவருக்கு அவர் வீட்டம்மாவின் தலை. அதில் வெட்கத்துக்கு இடம் கிடையாது. பிறகு அவர் விரலைத் தானே பிடித்து, கண்ணாடிமேல் வைத்து, தன் கட்டைவிரலால் அழுத்துவாள். உள்ளே சிவப்பு வெளிச்சம் எரியும். அடுத்த மூச்சை விடலாமா என்று இரண்டு பேரும் காத்திருப்பார்கள். போன் ‘டிங்’ என்றால் ஆசாமி உயிரோடு இருக்கிறார். இன்னும் ஒரு வருஷத்துக்குப் பென்ஷன் வரும்.

வடக்குப்பட்டில் கங்கம்மாளுக்கு இதுதான் தொழில். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, தாங்கள் சாகவில்லை என்று சர்க்காருக்குக் காட்ட வேண்டும். உயிர்ச் சான்று என்பார்கள். கடைகளில் செய்து கொடுப்பார்கள். ஆனால் கடை வீடு தேடி வராது. கங்கம்மாள் வருவாள். ஒயர் கூடையில் மிஷின், போன், இரண்டையும் சேர்க்கிற குட்டி வயர், வெற்றிலை. ஆட்களை அவள் பேரால் நினைவு வைப்பதில்லை. எந்த விரல் எடுபடுமோ அந்த விரலால் வைத்திருக்கிறாள். வாலாஜாபாத் பஸ்ஸில் ஒரு வாத்தியாரைப் பார்த்து, “இன்னா எடது மோதரம், சௌக்கியமா?” என்று கேட்டிருக்கிறாள். அவரும் சௌக்கியம் என்றுதான் சொன்னார்.

ஒருவர் இறந்துபோனால், ‘போயிட்டார்’ என்று அவள் வாயில் வராது. “அவருக்கு இனிமே டிங் இல்ல” என்பாள். சாவு வீட்டிலும் அப்படித்தான் சொன்னாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மிஷின் ஒரு கம்பெனியுடையது. போன் இன்னொரு கம்பெனியுடையது. இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளாது. போனுக்குள் ஒரு சின்னச் செயலி உட்கார்ந்து, இங்கே கேட்டதை அங்கே சொல்ல வேண்டும். அதற்கு ப்ளகின் என்று பெயர். மிஷின் விற்ற கம்பெனிதான் அதைக் கொடுக்கும். வேறு யார் செய்து கொடுத்தாலும் செல்லாது. கங்கம்மாள் அதைத் தரகன் என்பாள். “பொண்ணு வூட்டுக்கும் மாப்ள வூட்டுக்கும் நடுவுல ஒருத்தன் வேணும்ல? அவன் இல்லாட்டி ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினு ஒக்காந்திருப்பாங்க.”

அந்தத் தரகன் இந்த நவம்பர் மாதக் கடைசியில் காணாமல் போனான்.

போன் காலையில் ஒரு கேள்வி கேட்டது: புதுப்பிக்கவா? கங்கம்மாள் சரி என்று அமுக்கினாள். பழைய தரகன் வெளியே போனான். புதியவன் வாசல்வரை வந்தான், போனை ஏற இறங்கப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். ‘இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குக் கிடைக்காது’ என்று எழுத்து வந்தது. அவள் போனை அணைத்துப் போட்டாள். கவிழ்த்துப் போட்டுக் கொஞ்ச நேரம் தனியாக விட்டாள். அது மனம் மாறவில்லை.

ஊரில் எல்லோருக்கும் முடித்திருந்தாள். பாக்கி தாவீது ஒருவர். பக்கத்துத் தெருதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போய், கட்டிலோடு கிடக்கிறார். அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதம் முடிவதற்குள் ‘டிங்’ கேட்காவிட்டால் பென்ஷன் நிற்கும். அந்தப் பென்ஷனில்தான் அவருக்குச் சர்க்கரை ஊசி வருகிறது. ஊசியை நாள் தள்ளிப் போட முடியாது.

கங்கம்மாள் மிஷின் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பாட்டுக் கேள் என்றெல்லாம் ஆன பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

“மேடம், உங்க மாடலுக்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்க.”

“யாரும்மா நிறுத்தனது?”

“நிறுத்திட்டாங்க மேடம்.”

“அதான், யாரு? பேரு இன்னா?”

“போன் கம்பெனியோட பாலிசி மேடம். அவங்க மாத்தினா நாங்களும் மாத்தணும்.”

போன் கம்பெனி என்றால் ஸ்ரீபெரும்புதூரில் ரிப்பேர் பார்க்கிற இடம் ஒன்றுண்டு. பஸ் ஏறிப் போனாள். நீலச் சட்டை போட்டவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போன் நல்லா இருக்கும்மா. ப்ளகின் எங்க கையில இல்ல. ஸ்டோர்ல இருந்து எடுத்திருப்பாங்க.”

“அந்த ஸ்டோரு எங்க கீது?”

“எங்கயும் இல்லம்மா. ஸ்டோர்.”

“ஸ்டோருன்னா கதவு இருக்கும்ல? ஒரு ஆளு ஒக்காந்திருப்பான்ல?”

நீலச் சட்டைக்காரர் உண்மையாகவே யோசித்தார். “போனுக்குள்ளதாம்மா இருக்கு” என்றார் கடைசியில்.

ஸ்டோருக்குள் குறை எழுதிப்போட ஓர் இடம் இருந்தது. அவள் எழுதிப்போட்டாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. அதைப் படித்தவுடன் திருநாளுக்குச் சமைத்தது போல ஒரு களைப்பு வந்துவிட்டது அவளுக்கு. மிஷின்காரன் போன்காரனைக் காட்டுகிறான், போன்காரன் ஸ்டோரைக் காட்டுகிறான், ஸ்டோர் நன்றி சொல்கிறது. சண்டை போடுவதற்குக்கூட ஒரு முகம் வேண்டுமே.

முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று செய்கிற வழியும் ஒன்று இருக்கிறது. அதற்கு மிஷின் வேண்டாம், புது போன் போதும். எதிர்வீட்டு இளம்பரிதி புது போனைக் கொண்டுவந்து தாவீதின் முகத்துக்கு நேரே பிடித்தான். ‘கண்களைச் சிமிட்டவும்’ என்றது போன். தாவீதுக்கு முன்பு முகவாதம் வந்து போனதில் வலது கண் மூடாது. தூங்கும்போதுகூட அது விழித்துக்கொண்டு வீட்டைப் பார்த்தபடி இருக்கும். அவர் இடது கண்ணை மட்டும் மூடித் திறந்தார். போன் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் மூடினார்.

“போதுண்ணே, வுடு. கண்ணடிக்கற மாதிரி கீது” என்றாள் கங்கம்மாள்.

தாவீதுக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்ணு மூடலன்னா உசுரு இல்லன்றானா? மூடனாத்தாண்டா இல்ல! எவன்டா இத எழுதி வெச்சவன்?”

அவர் வீட்டம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டாள். இளம்பரிதி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் தெருவுக்கு அந்த யோசனை வந்தது. வேறு ஊராக இருந்தால் வந்திருக்காது. ஒரகடத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்குப் போன் என்பது எங்கிருந்தோ வருகிற சாமான் இல்லை. பக்கத்தில் செய்வது. ஷிஃப்ட் பஸ்ஸில் போய்ப் பெண்பிள்ளைகள் செய்துவிட்டு வருகிறார்கள். நாம் செய்கிற போனுக்குள் யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று நாம்தானே சொல்ல வேண்டும்? இதில் என்ன தப்பு என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாவீது வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற பேச்சி, கடையநல்லூர்ப் பக்கத்துப் பெண், போன் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவள். ஏற்கெனவே தெருவில் யார் போனில் சார்ஜ் இறங்கினாலும் அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கங்கம்மாள் மாடிப்படியில் அவளை மடக்கினாள்.

“ஏம்மா பேச்சி, நீ போன் கம்பெனிலதானே கீற?”

“ஆமாக்கா.”

“இந்தத் தரகன உள்ள வுடச் சொல்லேன்.”

“எக்கா, நான் பட்டன் அமுக்குதவ.”

“எந்தப் பட்டன்?”

“சைடு பட்டன். சத்தம் கூட்டுத பட்டன். அமுக்கிப் பாத்து, சரியா இருந்தா அடுத்தவ கைக்குப் போயிரும்.”

“அடுத்தவ இன்னா பண்றா?”

“அவ கீழ இருக்க பட்டன அமுக்குவா.”

கங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “அவளாண்ட கேட்டுப் பாக்கறியா?”

பேச்சி சிரிக்கவில்லை. அவளிடம் வருகிற கேள்விகளில் இது ஒன்றும் மோசமானது இல்லை. சென்ற வாரம் ஒரு கிழவர், தன் போனில் பேரன் படம் தெரியவில்லை என்று அவளைத் திட்டிவிட்டுப் போயிருந்தார். “எங்க சூப்பர்வைசருக்கே தெரியாதுக்கா. போன் எங்க கைய விட்டுப் போவையில உள்ள ஒண்ணுமே இருக்காது, சும்மா பொட்டி. உள்ள என்ன இருக்கணும்னு சொல்லுத ஆள நான் கண்டதே இல்ல.”

“பண்றவளுக்கே தெரியலன்னா வேற எவனுக்குடி தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கங்கம்மாள் இறங்கினாள். அவளுக்குத் தோல்வி என்பது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு இல்லை என்றால் அடுத்த வீடு, அவ்வளவுதான்.

மிஷின் கம்பெனிக்கு மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை வேறு பெண். யார் நிறுத்தியது என்று கேட்காமல், தரகன் எந்தப் போனில் உட்காருவான் என்று கங்கம்மாள் கேட்டாள். அதற்கு மட்டும் ஒழுங்கான பதில் வந்தது. ஒவ்வொரு போனுக்குள்ளும், அதன் மென்பொருள் எத்தனாவது பதிப்பு என்று சொல்கிற ஓர் எண் இருக்கிறதாம். பன்னிரண்டு, பதிமூன்று என்றால் வருவான். அதற்குக் கீழே கிழடு, அதற்கு மேலே உள்ளதோடு அவனுக்கு இன்னும் பழக்கமில்லை. நடுவயதுப் போனாகப் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் தெருத்தெருவாக ஜாதகம் பார்க்கப் புறப்பட்டாள். வீட்டுக்குள் போவாள், உட்காருவாள், “போன எடு, நட்சத்திரம் பாக்கணும்” என்பாள். செட்டிங்ஸுக்குள் போய் அடிவரைக்கும் தள்ளி எண்ணைப் பார்ப்பாள். “பத்தா? கெழடு, ஆவாது.” “பதினஞ்சா? வயசு ஒத்துவர்ல.” பெண் பார்க்க வந்தவர்கள் போல எழுந்து போய்விடுவாள். மளிகைக்கடையில் ஒரு பன்னிரண்டு கிடைத்தது. அது பாதித் திரை உடைந்து, தொட்டால் வேறு இடத்தில் போய் அமுங்கியது. ‘பெண்ணுக்குக் கொஞ்சம் காது கேக்காது’ என்பது மாதிரி கடைக்காரர் சமாதானம் சொன்னார். அவள் அதையும் முயன்றுதான் பார்த்தாள். கடவுச்சொல் கேட்கிற இடம் உடைந்த பாதியில் இருந்தது.

மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள், எதற்கோ மாடியேறியவள் கேட்டு வைத்தாள். “பேச்சி, உன்து எத்தினி?”

பதிமூன்று.

கங்கம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊரெல்லாம் தேடிய மாப்பிள்ளை மாடியிலேயே குடியிருந்திருக்கிறான்.

“சந்தோசப்படாதீய” என்றாள் பேச்சி. போனின் மேல்மூலையில் இருந்த ஒரு பச்சைப் பூட்டைக் காட்டினாள். கம்பெனி போடச் சொன்னது. உள்ளே படம் எடுத்துவிடக் கூடாது என்று கேமராவை மூடுகிற செயலி. அது இருக்கும்வரை போனில் புதிதாக எதுவும் ஏறாது, வயரைச் சொருகினாலும் தெரியாதது போல இருந்துவிடும். அதை எடுத்துவிடலாம். ஆனால் கேட்டில் வருகைப் பதிவும் அதில்தான், பச்சைப் பூட்டைக் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். திரும்பப் போட வேண்டுமென்றால் சூப்பர்வைசர் எழுதி, அவர் மேலே இருக்கிறவர் ஒத்துக்கொண்டு, கம்ப்யூட்டர்க்காரர் திறந்துவிட வேண்டும். இரண்டு நாளாவது ஆகும். இந்த வாரம்தான் கான்ட்ராக்ட் நீட்டிக்கிறார்கள். சொல்லாமல் ஒரு ஷிஃப்ட் நின்றவர்கள் பேர் வராது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

“போன் உன்து. நீ சம்பாதிச்சு வாங்கனது” என்றாள் கங்கம்மாள்.

“ஆமாக்கா.”

“உள்ள யாரு வரணும்னு மட்டும் அவன் சொல்வானா?”

“ஆமாக்கா.”

கங்கம்மாள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேணாம் வுடு. ஒரு வயித்தக் காப்பாத்த இன்னொரு வயித்துல அடிக்கக் கூடாது.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு இருட்டும்வரை அடுத்த ஊரில் போன்களைப் பார்த்தாள். எல்லாமே கிழடு, அல்லது ரொம்பப் புதுசு.

மறுநாள் மத்தியானம் தாவீது வீட்டில் கட்டிலோரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அவர் வீட்டம்மா ஊசி மருந்து இருந்த டப்பாவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தாள். பேச்சி யூனிஃபார்ம் போட்டு, தலையை இறுக்கிப் பின்னி, டிபன் பாக்ஸோடு இறங்கி வந்தாள். போனை நீட்டினாள். மேல்மூலை காலியாக இருந்தது.

“ஷிஃப்ட்டுக்கு இன்னாடி பண்ணுவ?”

“தாத்தா உசுரோட இருக்காருன்னு எனக்குத் தெரியுமேக்கா” என்றாள் பேச்சி. “வேல முடிஞ்சு வந்து படுத்தா ஒரு பொட்டுத் தூங்க விடுதாரா? இருமுதாரு, இருமுதாரு. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இல்லன்னு எப்படிச் சொல்ல?”

தாவீது இதற்கு ஒரு இருமல் இருமினார். வேண்டுமென்று செய்தாரா தெரியாது.

தரகன் உள்ளே வந்தான். ஏற இறங்கப் பார்த்தான். உட்கார்ந்தான். கங்கம்மாள் வயரைச் சொருகினாள். தாவீதின் வலது சுண்டுவிரலைப் பிடித்தாள். கட்டிலில் படுத்திருந்தவருக்கு உச்சிவரை கை எட்டாததால் அவளே அவர் தலை எண்ணெயைத் தொட்டு அந்த விரலில் ஒரு தடவு தடவி, கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். முதல் தடவை எடுபடவில்லை. இரண்டாவது தடவை ரொம்ப நேரம் எரிந்து அணைந்தது. மூன்றாவது தடவை வைத்தபோது வீட்டம்மா வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பாதியில் ‘டிங்’ கேட்டது.

“இருக்கறனா?” என்றார் தாவீது.

“கீறண்ணே.”

“சரி” என்றார். வீட்டம்மா டீ போட எழுந்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

பேச்சி டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், தனக்குப் பின்னால் கங்கம்மாளும் ஒயர் கூடையோடு ஏறியிருப்பது தெரிந்தது.

“இது ஸ்டாஃப் வண்டிம்மா” என்றார் டிரைவர்.

“தெரியும், எழுதிப் போட்டுகீதே” என்று கங்கம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பெண்பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். அதில் ஒருத்தியின் பாட்டிக்கு அவள் ‘டிங்’ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.

கேட்டில் வரிசையாகப் போனைக் காட்டிக்கொண்டு எல்லோரும் உள்ளே போனார்கள். பேச்சியின் முறை வந்தபோது காவலர் சுப்பிரமணி கையைக் குறுக்கே நீட்டினார்.

“லாக் எங்கம்மா?”

“எடுத்துட்டேன் சார். ஒரு அவசரம்.”

“லாக் இல்லாம விட முடியாது. எனக்கு வேல போயிடும். ஓரமா நில்லு.”

பேச்சி ஓரமாக நின்றாள். டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அழவில்லை, வரிசையில் முன்னால் போனவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கம்மாள் அவளைத் தாண்டிக்கொண்டு முன்னே வந்தாள்.

“உன் மேல தப்பு இல்லபா. நீ நிக்கச் சொன்ன எடத்துல நிக்கற. இந்தப் பூட்ட யாரு தொறப்பாங்க?”

“சிஸ்டம்ஸ் ஆளும்மா.”

“எந்த ஊர்ல கீறாரு?”

“ஊரா? உள்ளதான் இருக்காரு. அந்தக் கட்டடம், மூணாவது மாடி.”

கங்கம்மாள் முகத்தில் ஏதோ மாறியது. “உள்ளயா?”

“ஆமா.”

“ஆளா?”

“ஆளுதாம்மா. வேற என்ன?”

“பேரு இன்னா?”

“ஹேமந்த் சார்.”

கங்கம்மாள் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜன்னல்களை விரலால் எண்ணினாள். மூன்றாவது வரிசையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றுவதுகூடத் தெரிந்தது.

“இனிமே உள்ள சொல்லியும் பிரயோஜனம் இல்லம்மா, ஷிஃப்ட் ஆரம்பிச்சிட்டாங்க. இங்கெல்லாம் நிக்கக் கூடாது” என்றார் சுப்பிரமணி.

“நிக்கல” என்றாள் கங்கம்மாள்.

செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் கேட்டுக்கு நேரே, நட்டநடுவில் சேர்த்துப் போட்டாள். புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேச்சிக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் தட்டிக் காட்டினாள்.